தோப்புக்கு வந்த வீட்டோட மாப்பிள்ளை

இன்னா நைனா, இப்பவே எதிர்காலத்தைப் பத்தி யோசனையா? டாக்டரா, கலெக்டரா, இல்ல நம்ம ஊர்ல பாதிப்பேரு பண்ற மாதிரி தறி ஓட்டுறதான்னு குழப்பமா? நான் ஒரு பொழைப்பு சொல்றேன், கேளு. படிப்பு வேணாம், பரீட்சை வேணாம். கால் இல்லன்னாலும் பரவாயில்ல. படுத்த இடத்துலயே சாப்பாடு, சாப்பிட்ட இடத்துலயே தூக்கம். மாமனார் வீட்டுச் சுவத்தையே தின்னுக்கிட்டு, ஒரு வருஷத்துக்குப் பக்கம் வீட்டோட மாப்பிள்ளையா இருக்கலாம். 'இன்னா மாப்ளே, எப்ப வேலைக்குப் போறீங்க'ன்னு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க.

பொதட்டூர்பேட்டையைச் சுத்தி இருக்கிற மாந்தோப்புங்கள்ல அந்த மாப்பிள்ளைங்களுக்குப் பஞ்சமே இல்ல. வேளாண்மைக்காரங்க வெச்ச பேரு 'மாமரத் தண்டுத் துளைப்பான்'. நீண்ட கொம்பு வண்டுன்னு ஒரு பெரிய வம்சம் இருக்கு, உலகம் பூரா 35,000 வகைக்கு மேல. அதுல இவரும் ஒருத்தர். புத்தகப் பேரு பட்டோசெரா ரூஃபோமேக்குலேட்டா. வாய் சுளுக்கிக்கிச்சா? பரவாயில்ல, பழகிக்கோ. வீட்டுக்கு வர்ற விருந்தாளிங்க 'எங்கே, ஒரு பாட்டு சொல்லு கண்ணு'ன்னு கேட்டா இந்தப் பேரை எடுத்து விடு. அடுத்த தடவை கேக்கவே மாட்டாங்க.

கார்வேட்டிநகரத்துப் பாளையக்காரங்க நம்ம பக்கம் வரி தண்டின காலத்துல, 1775-ல, சுவீடன் தேசத்து டீ கீர்னு ஒரு பூச்சி ஆராய்ச்சிக்காரர் இந்த வண்டைப் பத்தி எழுதி வெச்சார். இருநூத்தம்பது வருஷம் ஆச்சு. நம்ம தோப்புக்காரங்கள்ல பலபேருக்கு இன்னும் ஆளு யாருன்னு தெரியாது. தெரியலன்னு ஒத்துக்கவும் மாட்டாங்க. 'ஓ, அதுவா? காண்டாமிருக வண்டுதானே!'ன்னு தென்னைமரத்து வண்டு தலையில பழியைப் போட்டுட்டு டீக்கடைக்குப் போயிடுவாங்க.

நீ அப்படிச் சொல்லி மானத்தை வாங்காதே. காண்டாமிருக வண்டு கறுப்பு, மூக்கு மேல ஒத்தைக் கொம்பு. அது தின்றது தென்னங்குருத்து. அதோட புழு எருக்குழியில கிடக்கும், வளைஞ்சு சுருண்டு, முன்னால ஆறு காலோட. நம்ம மாப்பிள்ளை வேற. முதல் மழை அடிச்ச ராத்திரி, தோப்போரத்து வீட்டு டியூப் லைட்டுல 'டப்பு'ன்னு வந்து மோதுவார். நாலு, அஞ்சு சென்டிமீட்டர் நீளம். சாம்பல் பூசின பழுப்பு உடம்பு. கழுத்துப் பட்டையில செம்மஞ்சளா ரெண்டு புள்ளி. தலையில இருக்கிறது முட்டுற கொம்பு இல்ல, மோப்பம் பிடிக்கிற உணர்கொம்பு. கணுக்கணுவா, உடம்பு நீளத்துக்கு வளர்ந்திருக்கும். ஆணா இருந்தா உடம்பையும் தாண்டி நீளும்.

கையில பிடிச்சுப் பாரு, 'கிரீச் கிரீச்'சுன்னு கத்தும். பயந்துடாதே, அது தொண்டையிலேர்ந்து வர்ற சத்தம் இல்ல. கழுத்துப் பட்டையை முதுகோட உரசி எழுப்புற சத்தம். 'என்னை விடு, இல்லன்னா பார்'னு மிரட்டுது. விஷம் கிடையாது, கொட்டாது. ஆனா மரப்பட்டையையே கடிக்கிற தாடை அது. வாய்ப்பக்கம் விரலை வெச்சுட்டு அப்புறம் தாத்தா சொல்லலன்னு அழாதே. பக்கவாட்டுல பிடி, பாத்துட்டு விடு.

இந்த வண்டுக்கு பஸ் பாஸ் வேணாம், செக்போஸ்ட்டும் கிடையாது. திருத்தணியை 1960-ல ஆந்திராவுலேர்ந்து பிரிச்சு தமிழ்நாட்டோட சேர்த்தாங்க. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் அதுக்காக எவ்வளவோ போராடினாங்க. கோடு போட்டது மனுஷனுக்கு. வண்டுக்கு யாரும் மேப்பு காட்டல. நகரி, புத்தூர் பக்கத்துத் தோப்புக்காரரைக் கேட்டா 'அந்தப் பக்கத்துலேர்ந்து வந்துது'ன்னு தெலுங்குல சொல்லுவார். பள்ளிப்பட்டுக்காரரைக் கேட்டா அதையே தமிழ்ல சொல்லுவார். வண்டு ரெண்டு பக்கமும் பெங்களூரா மாமரத்தைத் தின்னுது, பங்கனபள்ளி மாமரத்தையும் தின்னுது.

இப்ப மாமியார் வீட்டுக்குள்ள எப்படி நுழையுறார்னு கேளு. தாய் வண்டு வயசான மரமா, அசந்த மரமா, பட்டை வெடிச்ச மரமா பாத்து வரும். தாடையால பட்டையில ஒரு கீறல் போடும். கீறலுக்குள்ள ஒரு முட்டை. அடுத்த முட்டைக்கு அடுத்த கீறல். எல்லாத்தையும் ஒரே இடத்துல கொட்டாது. பிள்ளைங்க சொத்துச் சண்டை போடக் கூடாதுங்கிற விவரம் அதுக்கு இருக்கு. நம்ம தெருவுல பலபேருக்கு இல்ல.

ஒண்ணு, ரெண்டு வாரத்துல முட்டை பொரியும். புழு முதல்ல பட்டைக்கு அடியிலேயே இருக்கும். அங்கேதான் மரம் தன் சர்க்கரையை ஓட்டுது, மாவுச்சத்தைச் சேர்த்து வெக்குது. அதாவது, வந்ததும் வராததுமா மாப்பிள்ளை கை வெக்கிறது பால் பாத்திரத்துல. அதுக்கு அப்பால கட்டைக்குள்ள இறங்குவார். கட்டைங்கிறது லேசுப்பட்ட சாப்பாடு இல்ல நைனா. நீயோ நானோ தின்னா ஒரு பருக்கை சத்து கிடைக்காது. அதுல முக்கால்வாசி நார். அந்த நாரை உடைக்கிற நொதி இந்த வம்சத்துப் புழுங்களோட குடல்ல இருக்கு. குடல்ல குடியிருக்கிற நுண்ணுயிருங்களும் ஒத்தாசை பண்ணும். அப்படியும் சத்து கொஞ்சம்தான் தேறும். அதனாலதான் ஓயாம தின்னுது, மெதுவா வளருது. வீட்டுல ஒரு தட்டு சோத்தை ஒரு மணி நேரம் பிசையுற ஆளுங்க யாராவது இருந்தா இதைப் படிச்சுக் காட்டு.

காய்ஞ்ச கட்டைக்குள்ள மாட்டிக்கிட்டா இன்னும் மோசம். அமெரிக்காவுல இதே வம்சத்து வண்டு ஒண்ணு, மரம் அறுத்துச் சாமான் செஞ்சு பல பத்து வருஷம் கழிச்சு அலமாரியைத் துளைச்சுக்கிட்டு வெளியே வந்ததா எழுதி வெச்சிருக்காங்க. நம்ம மாந்தோப்பு ஆளு அவ்வளவு பொறுமைசாலி இல்ல. பச்சை மரத்துல வருஷத்துக்கு ஒரு தலைமுறை. புழு எட்டு, பத்து சென்டிமீட்டருக்குக் கொழுக்கும். பால் வெள்ளை நிறம், தட்டைத் தலை, கறுத்த தாடை, கால் கிடையாது, நேரா நீட்டிக் கிடக்கும். கட்டைக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டா மாறி, மழைக்காகக் காத்திருந்து, பெருவிரல் நுழையுற ஓட்டை போட்டு வெளியே வரும்.

முருகன் கதை உனக்குத் தெரியும். சூரபத்மன் மாமரமா நின்னப்போ, அதைப் பிளக்க அவருக்கு வேல் தேவைப்பட்டுது. இந்தப் புழுவுக்கு ரெண்டு தாடை போதும். மரம் பிளந்ததும் முருகனுக்கு மயிலும் சேவலும் கிடைச்சுது. உனக்கு விறகு மட்டும்தான் கிடைக்கும்.

சரி, மாப்பிள்ளை உள்ளே இருக்கார்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? தின்ற வாய் சும்மா இருந்தாலும் வயிறு சும்மா இருக்காதே. ஓட்டை வழியா தூள் தள்ளிக்கிட்டே இருப்பார். இங்கேதான் உன் கண்ணுக்கு வேலை. அடையாளத்துல மூணு வகை உண்டு. பழைய ஜன்னல் சட்டத்துக்குக் கீழே, தாத்தன் காலத்துக் குழித்தறிக் கட்டைக்குக் கீழே முகப்பவுடர் மாதிரி மெல்லிசா உதிர்ந்து கிடந்தா அது உளுப்பூச்சி. தூளே இல்லாம மண்ணால குழாய் கட்டி மரத்து மேல ஏறியிருந்தா அது கரையான். அடிமரத்துல ஈரமா, நார்நாரா, மென்னு துப்பின சக்கையாட்டம் தொங்கிக்கிட்டு, கூடவே பழுப்பா பிசின் வழிஞ்சிருந்தா, நம்ம ஆளு வீட்டுல இருக்கார். கட்டையோட சீவலும் அவரோட கழிவும் கலந்த சரக்கு அது. விரல்ல எடுத்துத் தேய்ச்சுப் பாரு, சொரசொரன்னு இருக்கும். கையைக் கழுவிட்டு வா.

இவ்வளவு வெளிச்சமா அத்தாட்சி வெக்கிற திருடன் ஊர்ல வேற யாரும் கிடையாது. ஆனா பெரியவங்க பாக்கிறது எங்கே? அண்ணாந்து பாத்துக் காய் எண்ணுவாங்க. வியாபாரி வந்தா மரத்தைக் காட்டி விலை பேசுவாங்க. அடிமரத்தைக் குனிஞ்சு பாக்க இடுப்பு வளையாது. ஒரு கிளை மஞ்சளாகும், இலை கொட்டும். 'சத்து பத்தல'ன்னு உரக்கடையில ஒரு டானிக் வாங்கி ஊத்துவாங்க. அந்தச் சத்தையும் சேர்த்து உள்ளே இருக்கிற மாப்பிள்ளைதான் சாப்பிடுவார். ரெண்டாவது கிளை காயும். 'பக்கத்துத் தோப்புக்காரன் கண்ணு'ன்னு திருஷ்டிப் பூசணிக்காய் கட்டுவாங்க. பூசணிக்காயைப் பாத்துப் பயப்படணும்னா புழு வெளியே எட்டிப் பாக்கணுமே! மூணாவதா மொத்த மரமும் காயும். அப்பதான் அடிமரத்தைத் தட்டிப் பாத்து, 'அட, உள்ளே கோறையா இருக்கே'ன்னு கண்டுபிடிப்பாங்க. விறகுக்கு விலை பேசுறவன் அதுக்குள்ள வாசல்ல வந்து நிப்பான்.

நீ அந்த வழிக்குப் போகாதே. உங்க சைக்கிள் கடைக்காரர்கிட்ட உடைஞ்ச ஸ்போக்ஸ் கம்பி ஒண்ணு கேளு. காசு கேக்கமாட்டார், கேட்டா என் பேரைச் சொல்லாதே. கம்பி நுனியைக் கொக்கியா வளைச்சுக்கோ. பெரியவங்க ஒருத்தரைக் கூட வெச்சுக்கோ. தூள் வர்ற இடத்துல காய்ஞ்ச பட்டையைக் கத்தியால சுரண்டச் சொல்லு, ஓட்டை தெரியும். கம்பியை உள்ளே விடு. வளை நேரா போகாது, வளைஞ்சு மேலேயோ கீழேயோ போகும். கை அதோட போகணும், முரட்டுத்தனம் கூடாது. 'மெத்'துன்னு ஒரு இடத்துல தட்டும். அங்கே ஒரு திருப்பு திருப்பி மெதுவா இழு. வெள்ளையா, கொழுகொழுன்னு மாப்பிள்ளை வெளியே வருவார். சில சமயம் பாதிதான் வரும். பாதி வந்தாலும் கணக்கு முடிஞ்சது.

அவரை வரப்புல போடு, மைனா பாத்துக்கும். ஓட்டையை ஈரக் களிமண் வெச்சு இறுக்கி அடை. ஒரு வாரம் கழிச்சு மறுபடியும் போய்ப் பாரு. அடைச்ச மண் உடைஞ்சு, புதுத் தூள் வந்திருந்தா உள்ளே இன்னொருத்தர் இருக்கார்னு அர்த்தம். ஓட்டையில விடுற விஷ மருந்து கடையில விக்கிறாங்க. அந்தப் பக்கம் நீ தலை வெச்சும் படுக்காதே. அது வேளாண்மை அலுவலரும் உங்கப்பாவும் பேசிக்க வேண்டிய சமாச்சாரம்.

வராம தடுக்கவும் வழி இருக்கு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்காரங்க சொல்றது: தளர்ந்த பட்டையைச் சுரண்டிட்டு, தார் ஒரு பங்கு, மண்ணெண்ணெய் ரெண்டு பங்கு கலந்து, அடிமரத்துல 3 அடி உயரத்துக்குப் பூசணும். தாய் வண்டு முட்டை வெக்காது. தோப்பு ஓரத்துல இலவமரம் வளர்க்கக் கூடாது, ஏன்னா அதுவும் அவருக்கு மாமியார் வீடுதான். புதுசா தோப்பு வெக்கிறவங்க நீலம் மா ரகம் வெச்சா ஓரளவு தாங்கும்னும் சொல்றாங்க. காய்ஞ்ச கிளையை வெட்டினா தோப்புலேயே குவிச்சு வெக்காதே.

இது நம்ம ஊரு ஏமாளித்தனம் மட்டும்னு நினைக்காதே. ஏற்காடு போனா அங்கே காப்பிச் செடிக்கு ஒரு கொம்பு வண்டு இருக்கு, வெள்ளைத் தண்டுத் துளைப்பான்னு பேரு. அராபிகா காப்பின்னா அதுக்கு உசுரு. மத்தியப் பிரதேசத்துல 1997-ல இன்னொரு கொம்பு வண்டு சால் மரக் காட்டுல பெருகி, லட்சக்கணக்கான மரத்தை வெட்ட வேண்டியதாப் போச்சு. அங்கே வனத்துறைக்காரங்க ஒரு தந்திரம் பண்ணுவாங்க. சால் மரத்துண்டை வெட்டி, பட்டையை நசுக்கிப் போடுவாங்க. வழியுற சாறு வாசனைக்கு வண்டுங்க தூரத்துலேர்ந்து பறந்து வந்து, குடிச்சுட்டு அசந்து கிடக்கும். ஊர் ஜனங்க பொறுக்கி எடுத்துக் கொடுப்பாங்க, தலைக்கு இவ்வளவுன்னு கூலி. ஓசிச் சாறு குடிக்கப் போய்த் தலையைக் கொடுத்த கதை. நம்ம ஊர்லயும் தேர்தல் நேரத்துல நடக்கிறதுதான், விடு.

அமெரிக்காவைக் கேளு. 1996-ல நியூயார்க்கு நகரம், புரூக்ளின். ஒரு வீட்டுக்காரர் தெரு மரத்துல வட்டவட்டமா ஓட்டை பாத்தார். யாரோ வேணும்னே டிரில் போட்டுத் துளைச்சுட்டாங்கன்னு நினைச்சார். பாத்தியா, எந்த ஊரா இருந்தாலும் ஓட்டை விழுந்தா முதல் சந்தேகம் உன்ன மாதிரிப் பசங்க மேலதான்! அப்பால பாத்தா ஆசிய நீண்ட கொம்பு வண்டு. சீனாவுலேர்ந்து சரக்கு வந்த மரப்பெட்டிக் கட்டைக்குள்ள உக்காந்து கப்பல் ஏறி வந்திருக்கு. 2008-ல மாசசூசெட்ஸ்ல வூஸ்டர்ங்கிற ஊர்ல அதே வண்டு. 30,000-க்கு மேல மரம் வெட்டினாங்க. அங்கேயும் முதல்ல கண்டுபிடிச்சுச் சொன்னது அதிகாரி இல்ல, வீட்டுத் தோட்டத்துல நின்ன ஒரு அம்மா. சிகாகோவுல 1998-ல பாத்து, சீக்கிரமா பிடிச்சு, 2008-ல ஒழிச்சுட்டோம்னு அறிவிச்சாங்க. பத்து வருஷம் ஆச்சு, ஆனா முடிச்சுக் காட்டினாங்க.

அதுக்கு அப்பால உலக நாடுங்க சேர்ந்து 2002-ல ஒரு விதி கொண்டு வந்தாங்க. நாடு விட்டு நாடு போற சரக்குக்கு அடியில வெக்கிற மரப்பலகையை, கட்டையோட நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி சூட்டுல 30 நிமிஷம் வெச்சு எடுக்கணும், இல்லன்னா அதுக்குன்னு இருக்கிற புகை மருந்து போடணும். செஞ்சதுக்கு அத்தாட்சியா கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை குத்தணும். சூடு காட்டினதுன்னா 'எச்.டி.'ன்னு ரெண்டு எழுத்தும் இருக்கும். சென்னை பக்கம் கம்பெனி குடோன் வாசல்ல பலகைத் தட்டு அடுக்கியிருந்தா முத்திரையைத் தேடிப் பாரு. உங்க மாமா 'அது கம்பெனி லோகோடா'ன்னு அடிச்சு விடுவார். அப்ப நீ வாயைத் திற.

இவ்வளவு திட்டினேன்ல, இப்ப மாப்பிள்ளை பக்க நியாயத்தையும் கேட்டுடு. காட்டுல இந்த வம்சம் இல்லன்னா விழுந்த மரம் விழுந்தபடியே கிடக்கும். இவங்க துளைக்கிற வழியாத்தான் ஈரமும் காளானும் உள்ளே போகும், கட்டை மக்கும், மண்ணாகும். புழுவைத் தின்னு மரங்கொத்தி வளரும். விட்டுட்டுப் போன வளையில வேற சின்னப் பூச்சிங்க குடியேறும். ஐரோப்பாவுல ஓக் மரத்துல வாழுற இவரோட பங்காளி ஒருத்தரை, 1992-ல வந்த சட்டம் போட்டுக் காப்பாத்துறாங்க. இங்கே கம்பி, அங்கே காவல். வண்டு ரெண்டு இடத்துலயும் ஒரே வேலையைத்தான் பாக்குது. நகரி மலைக் காட்டுல எல்லா வகை மரமும் கலந்து நிக்கிற இடத்துல அது ஒரு துப்புரவுத் தொழிலாளி. வரிசை வரிசையா ஒரே மரத்தை நட்டு, காய் பறிக்க மட்டும் போய் எட்டிப் பாக்கிற இடத்துல அது ஜமீன்தார். ஜமீன் எழுதிக் கொடுத்தது நாமதான்.

அதனால வண்டைப் பிடிச்சா நசுக்கி வீரம் காட்டாதே. மாந்தோப்புக்குள்ள மாட்டினா பெரியவங்ககிட்ட கொடு, அங்கே அது திருடன். காட்டுப் பக்கம், பட்ட மரத்துல பாத்தா வணக்கம் சொல்லிட்டு வா, அங்கே அது குடும்பஸ்தன். நூல் கட்டிப் பறக்க விடுறது, தீப்பெட்டிக்குள்ள அடைக்கிறதெல்லாம் வேணாம். தீப்பெட்டியும் மரம்தான், தெரியும்ல?

நாளைக்கு ஞாயித்துக்கிழமை. உங்கப்பா தூங்கட்டும். நீ தோப்புக்குப் போ. மேலே பாக்காதே, குனிஞ்சு அடிமரத்தை மட்டும் பாரு, ஒவ்வொரு மரமா சுத்தி வா. ஈரத் தூள் இருந்தா கம்பிக்கு ஆளைக் கூட்டிட்டு வா. இல்லன்னா பழுத்ததா நாலு மாம்பழம் பறிச்சுக்கிட்டு வா. அதுல ஒண்ணு எனக்கு. தாத்தனுக்குப் பல்லு இல்லன்னு கொட்டையை மட்டும் கொண்டாந்து கொடுத்தே, அடுத்த பாடம் உன்னைப் பத்திதான் எழுதுவேன்.